பிடியரிசியும் பெருநிதியும்

நிதி சேர்த்தல் என்றதும் எமது மக்களின் நினைவுக்கு வருவது வெளிநாட்டு நிறுவனங்களும், அவற்றின் வெள்ளை வாகனங்களும், சந்திகளில் நாட்டப்படும் பெயர்ப்பலகைகளுமே. யாரோ எங்கோ சேர்த்த பணம். யாரோ எங்கோ தீர்மானித்த பொருள். வரிசையில் நின்று பெற்றுக்கொள்ளும் கை மட்டும் எமது கை. 1990, 1995, 2009 என்று ஆண்டுகளைச் சொல்லியே தமது வாழ்வைக் கணக்கிடும் கமக்காரக் குடும்பங்களுக்கு இந்த அனுபவம் புதியதன்று.

ஆனால் அந்தப் பணம் எவ்வாறு சேர்ந்தது என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. கொடுத்தவர் தமது வாழ்வில் எதையாவது குறைத்துக்கொண்டு கொடுத்தாரா? அல்லது தமது வாழ்வில் எந்த மாற்றமுமின்றி, மிஞ்சியதில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டாரா? இந்த வேறுபாடு சிறியதுபோலத் தோன்றும். ஆயினும் இடம்பெயர்ந்தோர் மத்தியில் பணியாற்றிய ஆண்டுகளில் நாம் கண்டறிந்தது, சேர்க்கும் முறை எப்படியோ சென்றடையும் முறையும் அப்படியே என்பதாகும். அத்தோடு, குறைத்துக்கொண்டு கொடுப்பவர் அயலவருக்கு மட்டுமல்ல, மண்ணுக்கும் தண்ணீருக்கும் சேர்த்தே கொடுக்கின்றார் என்பதையும் உணர்ந்தோம்.

அடுப்படியில் பிறந்த நிதி

எமது பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இடுவார்கள். கோயில் காரியத்துக்கோ, ஏழைக்கோ, வாசலில் வந்து நிற்பவருக்கோ அது சேரும். பிடியரிசி என்பது அதன் பெயர். இதற்குப் பற்றுச்சீட்டு இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அன்று வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு வாய் குறைவாக உண்டார்கள் என்பதே அதன் கணக்கு.

இந்த வழக்கம் எமக்கு மட்டும் உரியதன்று. வடகிழக்கு இந்தியாவின் மிசோரம் மலைநாட்டில் பிரெஸ்பிற்றேரியன் சபைப் பெண்கள் 1910ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வேளை சமையலின்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து வருகின்றனர். அந்த அரிசி சபைக்குச் சேர்ந்து, விற்கப்பட்டு நிதியாகின்றது. பணம் கையில் இல்லாத பெண்களும் கொடுப்பவர்களாக முடியும் என்பதே அதன் சிறப்பு. நூறாண்டுகளுக்கு மேலாக அந்தப் பானைகள் வெறுமையாகவில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் அலன்ரவுன் நகரில் 1975ஆம் ஆண்டு இதே எண்ணம் வேறு உருவெடுத்தது. ஆபிரிக்காவின் சாகேல் பகுதியில் வறட்சியும் பஞ்சமும் நிலவிய காலம் அது. தவக்காலத்தில் குடும்பங்கள் எளிய உணவை உண்டு, அதனால் மிஞ்சிய பணத்தைக் கடதாசி மட்டையாலான ஒரு சிறு பெட்டியில் இட்டு மேசையின் நடுவில் வைத்தன. ‘அரிசிக் கிண்ணம்’ என அதற்குப் பெயரிட்டனர். இரண்டு ஆண்டுகளில் அந்நாட்டு ஆயர்கள் அதனை நாடு முழுவதற்கும் உரிய திட்டமாக ஏற்றனர். சேரும் பணத்தில் நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டுப் பணிகளுக்கும், ஒரு பங்கு அவரவர் மறைமாவட்டத்திலுள்ள வறியோருக்கும் செல்கின்றது. தூரத்து ஏழையை நினைத்து அயல் ஏழையை மறக்கலாகாது என்ற ஒழுங்கு இதில் உண்டு.

பிரித்தானியாவில் ஒக்ஸ்பாம் நிறுவனம் 1942இல் தோன்றியபோது, போர்த் தடையினால் பட்டினி கிடந்த கிரேக்க மக்களுக்கு உதவுவதே அதன் நோக்கமாயிருந்தது. 1948இல் அது ஒரு கடையைத் திறந்தது. வீடுகளில் பயன்படாமல் கிடந்த பொருட்களை வாங்கி விற்று நிதி சேர்த்தது. வீசப்படவேண்டியது விலையாயிற்று.

இம்மூன்றிலும் ஒரு பொதுமை உண்டு. கொடுத்தவரின் அடுப்படியிலும் அலுமாரியிலும் ஏதோ மாறியது. நிதி பின்னர் வந்தது. எளிமையே முதலில் வந்தது.

பெற்றவர் கொடுத்த கதை

இடம்பெயர்ந்தோர் சிலர் எம்மிடம், ‘பாதர், இதெல்லாம் இருக்கிறவை செய்யிற வேலை. நாங்கள் வாங்கிற ஆக்களெல்லோ’ என்று சொல்வதுண்டு. அவர்களுக்கு நாம் ஜேர்மன் நாட்டின் கதையைச் சொல்வோம்.

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோது கொலோன் நகரம் பெரும்பாலும் கற்குவியலாகவே இருந்தது. 1946இன் இறுதியில் வந்த குளிர் மிகக் கொடியது. மக்களிடம் உணவும் இல்லை, எரிக்க நிலக்கரியும் இல்லை. அவ்வாண்டின் கடைசி நாளன்று அந்நகரின் பேராயர் கர்தினால் பிரிங்ஸ் தமது மறையுரையில், உழைத்தோ கேட்டோ பெற முடியாத நிலையில், உயிரையும் உடலையும் காக்கத் தேவையானதை ஒருவர் எடுத்துக்கொள்வது குற்றமாகாது என்ற கருத்தை வெளியிட்டார். மக்கள் புகையிரதங்களிலிருந்து நிலக்கரியை எடுத்தனர். அவ்வாறு எடுப்பதற்குப் பேராயரின் பெயரையே ஒரு வினைச்சொல்லாக்கிக்கொண்டனர். அந்நாட்களில் அமெரிக்க மக்கள் அனுப்பிய உணவுப் பொதிகள் அங்கு வந்திறங்கின. நேற்றுவரை எதிரியாய் இருந்தவர் அனுப்பிய பொதிகள் அவை. ஜேர்மன் தாய்மார் அவற்றை வரிசையில் நின்றே பெற்றனர்.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 1958இல் அதே கர்தினால் பிரிங்ஸ் தமது நாட்டு ஆயர்கள் முன் ஒரு வேண்டுகோளை வைத்தார். உலகின் பசிக்கும் நோய்க்கும் எதிராக ஜேர்மன் கத்தோலிக்கர் தவக்காலத்தில் நோன்பிருந்து, அந்த நோன்பில் மிச்சம் பிடித்ததைக் கொடுக்க வேண்டும் என்பதே அது. இவ்வாறு தோன்றியதுதான் மிசெரெயோர் என்னும் அமைப்பு. ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா எங்கும் கிணறுகளும் விதைகளும் பயிற்சிகளும் அந்த நோன்பிலிருந்து பிறந்தன.

பொதி வாங்கிய கையே பன்னிரண்டு ஆண்டுகளில் பொதி கொடுத்த கையாயிற்று. பட்டினியை அறிந்தவர்களாதலால் அவர்கள் உபரியிலிருந்து அல்ல, உண்ணாமல் விட்டதிலிருந்து கொடுக்க முற்பட்டனர் என்பது நாம் நினைவிற்கொள்ள வேண்டியது.

கொட்டிக் கொடுத்த காலம்

மறுபக்கத்தையும் எமது நாடு கண்டிருக்கின்றது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. உலகம் அழுதது, அள்ளிக் கொடுத்தது. அந்த அன்பை நாம் சிறுமைப்படுத்த மாட்டோம். ஆயினும் நடந்தவற்றையும் மறைக்கலாகாது. வெப்ப நாட்டுக் கரைகளுக்குக் குளிர் நாட்டுக் கம்பளிச் சட்டைகள் வந்து குவிந்தன. வள்ளங்களைக் கொடுப்பது கொடுப்பவருக்கு விருப்பமான காரியமாயிருந்தது. படத்துக்கு அழகாக இருந்தது. ஆதலால் சில கரைகளில் தேவைக்கு மேல் வள்ளங்கள் வந்தன. அவற்றுள் கடலுக்கு உதவாத வள்ளங்களும் இருந்தன. வள்ளமே இல்லாத கூலித் தொழிலாளியும், மீன் கருவாடு விற்ற பெண்ணும் எந்தப் பட்டியலிலும் அகப்படவில்லை.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மட்டும் ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே, ‘இந்த அனர்த்தத்துக்கு எமக்குப் போதிய பணம் சேர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்’ என்று கொடையாளரிடம் வெளிப்படையாகச் சொன்னது. நிதி சேர்ப்போர் வாயில் ‘போதும்’ என்ற சொல் வருவது அரிது. அதனாலேயே அதை இன்றுவரை நினைவில் வைத்திருக்கின்றோம்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழுகின்ற பிள்ளையின் முகத்தைக் காட்டினால் உண்டியல் நிறையும் என்பது பழைய பாடம். இது தவறென உணர்ந்த ஐரோப்பிய அரசசார்பற்ற நிறுவனங்கள் 1989ஆம் ஆண்டிலேயே ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றன. வறிய நாட்டு மக்களைக் கையாலாகாதவர்களாகக் காட்டலாகாது, அவர்களை மாண்புள்ளவர்களாகவே காட்டவேண்டும் என்பது அதன் சாரம். ஆயினும் கோவை ஏட்டில் இருந்தது. 2009இன் பின்னர் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில், தறப்பாள் கொட்டிலின் முன்னால் நின்ற ஒரு தாயிடம், படமெடுக்க வந்தவர்கள் பழைய சீலையை உடுத்து வரும்படி கேட்டதை நாம் பக்கத்தில் நின்று கேட்டோம். அத்தாய் கோபிக்கவில்லை. ‘வீட்டுக்கு ஆக்கள் வந்தால் நல்ல சீலை உடுத்துறதுதான் எங்கட வழக்கம், தம்பி’ என்று மட்டும் சொன்னார். அன்று படம் எடுக்கப்படவில்லை. எமக்கோ அது பல கருத்தரங்குகளில் கேளாத பாடமாயிற்று.

வறுமை வேறு, எளிமை வேறு

எளிமையாக வாழுங்கள் என்று எமது மக்களுக்குச் சொல்ல வருபவர் சற்று நாவடக்கத்தோடு சொல்வது நல்லது. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், யூரியா, பற்றறி, சீமெந்து எல்லாம் தடைசெய்யப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தன. அப்போது சிறுவராயிருந்த நாம் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள் பெரியவர்கள். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். நீர் இறைக்கும் இயந்திரங்கள் ஓய, கைவிட்ட துலாக்கள் சில இடங்களில் மீண்டும் எழுந்தன. யூரியா வராத தோட்டங்களுக்குப் பூவரசங் குழையும் பழைய பனையோலையும் பசளையாயின.

இதை இன்று சூழலுக்கு உகந்த வாழ்வு என்று புகழ்வோர் உளர். அதே தடைதான் மருந்தையும் தடுத்தது. அதனால் மாண்டவர்களும் உண்டு. திணிக்கப்பட்ட இல்லாமைக்கு வறுமை என்று பெயர். தானே விரும்பி, பிறரை எண்ணிக் குறைத்துக்கொள்வதே எளிமை. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கலாம். உள்ளே ஒன்று விலங்கு, மற்றது விடுதலை.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டதும் இவ்வகையானதே. சேதனப் பசளை நல்லதுதான். ஆனால் பல ஆண்டுகள் யூரியாவுக்குப் பழகிய வயலை ஒரு வர்த்தமானி அறிவித்தல் திருத்திவிடாது. மண் மெல்ல மெல்லவே திரும்பும். நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலபோகத்துக்குக் காலம் கடந்துவிட்டது, விளைச்சல் வீழ்ந்தது, அடுத்த ஆண்டு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றது. அவ்வேளையில் முப்பது ஆண்டுகளுக்கு முந்திய அறிவு எமது மூத்தோரிடம் இருந்ததைக் கண்டோம். விறகடுப்பு மூட்டத் தெரிந்தவர், மரவள்ளியும் குரக்கனும் சமைக்கத் தெரிந்தவர் தடுமாறவில்லை. துன்பத்தில் கற்றதைத் துன்பம் தீர்ந்த பின்பும் விரும்பிக் கைக்கொள்வதே அறிவு. அதற்காகத் துன்பத்தை வாழ்த்த வேண்டியதில்லை.

மண்ணுக்கும் ஒரு பிடி

எமது நிலத்துக்கும் பிடியரிசி தேவை. எடுப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு, திருப்பி ஒன்றும் இடாதவனிடம் மண் ஒருநாள் கைவிரிக்கும். யாழ் குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறை நீரை மட்டுமல்ல, நாம் மிகையாக இடும் உரத்தையும் கிணற்றுக்குள் கொண்டுபோகின்றது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட விடயம். பயிருக்கு இட்டதைப் பிள்ளை குடிக்கின்றது.

‘சொந்தக் காணியில்லை, இரவல் வளவில் இருக்கிறோம். இங்கே எதை நடுவது?’ என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. விரைவில் பயன் தருபவற்றை நடுங்கள். கீரை ஒரு மாதத்தில் வரும். பயற்றை இரண்டு மாதத்தில் வரும். பப்பாசி ஓர் ஆண்டுக்குள் காய்க்கத் தொடங்கும். முருங்கைத் தடி ஒன்றை ஊன்றினால், நாளை இடம் மாறும்போது அதிலிருந்து ஒரு தடியை வெட்டிக்கொண்டு போகலாம். நிலமே இல்லாதவர் பழைய உரப்பையில் மண்ணும் குப்பையும் நிரப்பிக் கத்தரியோ மிளகாயோ வைக்கலாம். அரிசி கழுவிய நீர் கீரைக்கும், குளிக்கும் நீர் வாழைக்கும் போகட்டும்.

காய்ந்த சருகு, பச்சிலை, மாட்டெரு, அடுக்களைக் கழிவு என்று அடுக்கி, சற்றுச் சாம்பல் தூவி, ஈரம் காயாமல் இடையிடையே புரட்டிவிட்டால் எமது வெப்பத்தில் மூன்று மாதமளவில் கூட்டெரு ஆயத்தமாகும். யூரியாவை ஒரேயடியாக விடவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. போகத்துக்குப் போகம் சிறிது குறைத்து, அந்த இடத்தைக் கூட்டெருவால் நிரப்புங்கள்.

விதையைப் பற்றியும் சொல்லவேண்டும். நிவாரணமாக வரும் விதைப் பைகளுட் பல கலப்பின விதைகள். முதற்போகம் நன்றாக விளையும். அதிலிருந்து எடுத்து விதைத்தால் தாயைப் போலப் பிள்ளை வராது. அடுத்த போகத்துக்கு மீண்டும் கடைக்கோ வரிசைக்கோ போகவேண்டும். எனவே அவற்றோடு கூடவே ஊர் விதையையும் ஒரு பாத்தியில் வையுங்கள். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நெல்லினங்கள் அவற்றைக் கைவிடாத சிலரால்தான் இன்றும் உள்ளன. பயறு, கௌபி போன்றவற்றை நன்றாக உலர்த்திச் சாம்பலில் புரட்டி இறுக மூடி வைத்தால் வண்டு நெருங்காது.

‘என்ர பிடி ஆகாதோ?’

சில ஆண்டுகளுக்கு முன் வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துப் பெண்கள் பிடியரிசிப் பானையை மீண்டும் தொடங்கினார்கள். கிழமைக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று சேர்த்தார்கள். கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு கூலிக்குப் போய்வந்த ஒரு தாயின் வீட்டை மட்டும் இரக்கத்தால் விட்டுவிட்டுச் சென்றார்கள். மூன்றாம் கிழமை அத்தாய் ஒரு சிறு கிண்ணத்தோடு தானே வந்தார். ‘எல்லாருடைய பிடியும் ஆகுது, என்ர பிடி மட்டும் உங்களுக்கு ஆகாதோ?’ என்று கேட்டார். அங்கு நின்ற ஒருவருக்கும் பதில் வரவில்லை. ஒரு பெண் கிண்ணத்தை வாங்கிப் பானையில் கொட்டினார். கோயில் காணிக்கைப் பெட்டியில் இரு காசு போட்ட கைம்பெண்ணைப் பற்றி எத்தனையோ தடவை பிரசங்கித்த நாம் அன்று வாய்திறக்கவில்லை.

ஒருவரிடமிருந்து பெற மறுப்பதும் அவரை ஏழையாக்கும் வழிதான் என்பதை அவர் எமக்கு உணர்த்தினார். வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அதற்கு முன்னதாக ஒப்புரவுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஈகையில் ஒருவர் மேலே நிற்கலாம்; ஒப்புரவில் எல்லோரும் ஒரே தரையில் நிற்கின்றனர்.

செய்யக்கூடியவை

நாற்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு பிடி, அதாவது ஏறத்தாழ 50 கிராம். ஒரு நாளைக்கு 2 கிலோ. மாதத்துக்கு 60 கிலோ. ஆண்டுக்கு 730 கிலோ. கிலோ 200 ரூபா என வைத்துக்கொண்டாலும் 146,000 ரூபா. இதனால் ஊரின் வறுமை தீர்ந்துவிடாது. ஆனால் பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கும், பாம்பு கடித்தவரை ஆசுபத்திரிக்கு ஏற்றும் வாகனத்துக்கும், விதைப்புக்கு முன் கையில் காசில்லாத குடும்பத்துக்கும் அது போதும். கிழமைக்குக் கிழமை வட்டி கேட்டு வாசலில் நிற்கும் நுண்கடன்காரரிடம் போகாதிருக்கவும் போதும். அக்கடன்களில் மூழ்கிய பெண்களுக்காக 2018இல் வறட்சி மாவட்டங்களில் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே நீக்கவேண்டி வந்ததை மறக்கலாகாது.

இதற்குச் சில ஒழுங்குகள் தேவை. பானை ஒரு வீட்டில், கணக்குக் கொப்பி வேறொரு வீட்டில் இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை எல்லோர் முன்னும் உரத்து வாசியுங்கள். பெற்றவரின் பெயரை வாசிக்க வேண்டாம். தொகையை மட்டும் வாசியுங்கள். ஒரு பிடியும் எடுக்க முடியாத நாளில் ஒரு தேங்காய், ஒரு பிடி கீரை, ஒரு மணிநேர வேலை எதுவும் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வெளியே யாருக்காவது அனுப்புங்கள். மலையகத்தில் மண்சரிவோ, தெற்கில் வெள்ளமோ ஏற்படும்போது எமது பானையிலிருந்தும் ஒரு பங்கு போகட்டும்.

உதவியோடு வருவோரை மரியாதையாக வரவேற்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பொருளைத் தெரிந்தெடுத்தவர் யார்? பழுதானால் எமது ஊரில் திருத்த முடியுமா? நீங்கள் போனபின் எம்மிடம் எஞ்சுவது என்ன? நல்ல மனத்தோடு வருபவர் இக்கேள்விகளுக்காக நன்றி சொல்வார்.

இழந்த காணிக்காகவும் உரிமைக்காகவும் குரல் கொடுப்பதை இந்தப் பானை நிறுத்திவிடலாகாது. அரசாங்கம் செய்யவேண்டியதைப் பிடியரிசி செய்யாது. செய்யவும் கூடாது. ஆனால் கையேந்தி நிற்கும் ஊரின் குரலைவிட, தன் பானையில் தானே அரிசி சேர்த்து வைத்திருக்கும் ஊரின் குரல் உரத்துக் கேட்கும். இந்தக் கிழமையே உங்கள் அயலில் நாலு பேர் கூடிப் பேசுங்கள். பானை ஒன்றைக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். முதற்பிடியை யார் போட்டாலும், எந்த வீட்டையும் தவறவிடாதீர்கள்.